இளைத்ததை முதலில் பார்த்தவள்

ரகுராம் தன் பேண்டைக் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் போட்டான். சௌம்யா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடு. நிக்க மாட்டேங்குது."

"போன மாசம்தானே பிடிச்சேன்?"

"அதுக்கப்புறமும் இறங்கியிருக்கேன் போல." குரலில் ஒரு பெருமை இருந்தது. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "பட்டறையில முகேஷ் கேக்கறான், என்னண்ணா புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்கன்னு."

சௌம்யா பேண்டை உள்பக்கமாகத் திருப்பி, இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துக் குண்டூசி குத்தினாள். கோரமங்களாவில் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்ப்பவள் அவள். நாளெல்லாம் யார் யாருடைய இடுப்பையோ பிடித்தும் விட்டும் தைப்பவளுக்கு, புருஷன் இடுப்பு ஒரு மாதத்தில் இவ்வளவு குறைந்ததே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது வேறு. யாருக்காக இந்தப் புது மாப்பிள்ளைக் கோலம் என்று தோன்றியது. கேள்வி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு மெஷினை மிதித்தாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. ஈஜிபுராவில் ஒரு சந்துக்குள் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். ரகுராமுக்குப் பக்கத்து ஏரியாவான அடுகோடியில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. சௌம்யா முன்பு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருந்தாள். அங்கே மெஷின் மக்கர் செய்யும்போதெல்லாம் வருகிற மெக்கானிக்காகத்தான் அவனைத் தெரியும். ஒருநாள் டீக்கடையில் வைத்துக் கல்யாணப் பேச்சை எடுத்தவன், அவள் பதில் சொல்வதற்கு முன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"முதல்ல இதைக் கேட்டுக்கோ. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. தினமும் மாத்திரை சாப்பிடறேன். ரத்தத்துல கிருமி கணக்குக்கே வராத அளவுக்கு அடங்கியிருக்கு, உனக்குப் பரவாதுன்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா அதை நான் சொல்லி நீ நம்பக் கூடாது. நீயே வந்து அவங்ககிட்ட கேளு."

அவள் போய்க் கேட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. சென்டரில் டாக்டர் பிரிஸில்லா அவளைத் தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். ஒரு மாதம் யோசித்துவிட்டு சௌம்யா சரி என்றாள். ஆம்பூரில் இருக்கும் அவள் வீட்டாருக்கு இன்று வரை தெரியாது. வருடா வருடம் அவளும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவு பெரிய விஷயத்தையே முன்கூட்டிச் சொன்னவன், இனி தனக்குத் தெரியாத எதையும் வைத்திருக்க மாட்டான் என்று நம்பித்தான் அவள் வந்தாள். அது பொய்யாகவும் இல்லை. அவன் எதையும் மறைக்கவில்லை. லவினாவையும் மறைக்கவில்லை.

லவினா காக்ஸ் டவுனில் அம்மாவோடு இருப்பவள். ஒரு கான்வென்ட்டில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். அவளுக்கும் எச்.ஐ.வி. என்று ரிப்போர்ட் வந்த வாரமே புருஷன் விட்டுப் போய்விட்டார். அவளும் ரகுராமும் ஒரே வருடத்தில், ஒரே வரிசையில் நின்று மாத்திரை வாங்க ஆரம்பித்தவர்கள். அந்தக் காலத்து மாத்திரை ஆளைப் போட்டு உலுக்குமாம். படுத்தால் கண்டபடி கனவு வருமாம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று இரண்டு பேரும் முந்தின இரவின் கனவுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். தண்டவாளம் சமையலறை வழியாகப் போவதாக அவனுக்கு ஒரு கனவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் கோழிகளாக மாறி அட்டெண்டன்ஸுக்குக் கொக்கரிப்பதாக அவளுக்கு ஒரு கனவு. மாத்திரை மாறி வருடங்களாகிவிட்டன, கனவும் நின்றுவிட்டது. ஆனாலும் போனில் "என்ன டீச்சர், கோழிங்க எப்படி?" என்று இவன் ஆரம்பித்தால் போதும், அந்தப் பக்கம் சிரிப்பு வெடிப்பது சமையலறையில் நிற்கும் சௌம்யாவுக்குக் கேட்கும்.

அந்தக் கனவுகளை சௌம்யாவுக்கும் அவன் சொல்லியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய கோபம், அவன் சாப்பாட்டுப் பிடித்தம், தூக்கத்தில் அவன் பல் கடிப்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த மாத்திரையின் கனவு மட்டும் அவளுக்கு வராது. அவர்கள் இரண்டு பேரும் பயந்த பயம் அவளுக்கு வராது. ஒரு வியாதியைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டு வெட்கப்பட்டிருக்கிறாள். வெட்கப்பட்டதால் பொறாமை குறைந்துவிடவில்லை.

செப்டம்பரில் மாதா திருநாள் அன்று லவினா வீட்டில் சாப்பாடு. வருடா வருடம் கூப்பிடுவார்கள், போவார்கள். லவினாவின் அம்மா ஜோசஃபின் முந்தின நாளே மசாலா அரைத்து பிரியாணி செய்திருந்தார். ரகுராம் எப்போதும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன். அன்று பாதித் தட்டிலேயே கையை எடுத்துவிட்டான்.

"போதும்மா, வயிறு கனமா இருக்கு."

பரிமாறிக்கொண்டிருந்த லவினா அவனைப் பார்த்தாள். தலையிலிருந்து மெதுவாகக் கீழே வரைக்கும், மறுபடி முகத்துக்கு. சௌம்யாவுக்குக் காது சூடேறியது.

"ரகு, கழுத்தெலும்பு தெரியுதேடா. டயட் ஏதாவது இருக்கியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. தானா இறங்குது. நல்லதுதானே."

"தானாவா?" லவினா கரண்டியைக் கீழே வைத்தாள். "நாம குறைக்கணும்னு எதுவும் செய்யாம தானா குறைஞ்சா அது நல்ல சேதி இல்ல. நமக்கு இல்லவே இல்ல. சாயங்காலம் ஜுரம் வருதா? தூக்கத்துல வேர்க்குதா? இருமல்?"

ரகுராம் யோசிக்கிற மாதிரி வாயைத் திறந்தான். சௌம்யா முந்திக்கொண்டாள்.

"நான்தான்க்கா சோத்தைக் குறைச்சிருக்கேன். காலையில நடக்கவும் அனுப்பறேன். தொப்பை போட்டுச்சில்ல, போன வருஷம் டாக்டரே சொன்னாங்க."

டாக்டர் சொன்னது மட்டும் உண்மை. சோறு குறையவில்லை, நடையும் இல்லை. ரகுராம் அவளைத் திரும்பிப் பார்த்தான். இன்னொருத்தர் வீட்டில் வைத்துப் பெண்டாட்டியை மறுத்துப் பேச அவனுக்கு மனம் வரவில்லை.

"நீங்க பாத்துப் பாத்துச் செய்யறதா இருந்தா சரி சௌம்யா" என்றாள் லவினா. சொன்னாளே தவிர, பாயசம் கொடுக்கும்போதும் அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவன் கேட்டான். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? உங்க உடம்பை ஊரே உக்காந்து அளக்கணுமா?"

"லவினா ஊரா?"

"எனக்கு ஊர்தான்."



இரண்டொரு நாளில் அவன் போனில் ஒரு மெசேஜ் வந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான், போன் மெஷின் பக்கத்தில் கிடந்தது. 'உன் முகம் கண்ணுலயே நிக்குது ரகு. அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம ஒரு தடவை போய் எடை பாரு. எனக்காகப் பாரு.'

கடைசி வரியை சௌம்யா திரும்பத் திரும்பப் படித்தாள். எனக்காக. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் போனை நீட்டினாள்.

"யாருங்க இவ, உங்க முகத்தைக் கண்ணுல வெச்சுக்கறதுக்கு?"

அவன் படித்தான். "பயப்படறா. இதுல என்ன இருக்கு?"

"பயப்பட நான் இருக்கேன்."

"நீ பயப்படலையே" என்றான் சாதாரணமாக. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. "அப்படி இல்ல சௌம்யா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பயம், அவ்வளவுதான். எங்களோட ஆரம்பிச்சவங்க எத்தனையோ பேர் இன்னைக்கு இல்ல. ஒருத்தர் இளைச்சா இன்னொருத்தருக்குத் திக்குனு இருக்கும்."

"அந்த 'எங்க'ல நான் எங்க இருக்கேன்?"

அன்று இரண்டு பேரும் வேலைக்கு லேட். லவினாவோடு இனி பேச்சைக் குறைத்துக்கொள்வதாக அவன் ஒத்துக்கொண்டான், சண்டை ஓய்ந்தால் போதும் என்று. சொன்னபடியே குறைத்தான். அந்தப் பக்கமும் புரிந்துகொண்டது போல மெசேஜ் நின்றது. ஆனால் வீட்டில் பேச்சு நின்றதும் அப்போதுதான். ஒரே கட்டிலில் படுத்தாலும் சௌம்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் தொட்டால் விலகவில்லை, ஆனால் அவளாகத் தொடவில்லை. அவனும் சீக்கிரமே தூங்கிப் போனான். பட்டறையிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிடுவான். தன் மேல் அலுத்துவிட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அக்டோபரில் மாத்திரை வாங்கும் தேதி வந்தது. அந்தத் தேதி லவினாவுக்கும் ஒன்றுதான், வருடக்கணக்காக அப்படி. சௌம்யா முந்தின நாளே சொன்னாள்.

"பட்டறையில வேலை தலைக்கு மேல இருக்குன்னு சொன்னீங்கல்ல. நான் போய் வாங்கிட்டு வரேன். வீட்டு ஆளுங்க வந்தா ஒரு தடவை குடுப்பாங்க."

அவனுக்கு அலைய முடியவில்லை, ஒத்துக்கொண்டான். வீட்டில் கொஞ்சம் மாத்திரை மீதி இருந்தது; அவள் மறுநாள் போகாமல், இரண்டு நாள் கழித்துப் போனாள். லவினா இருக்க மாட்டாள் என்று தெரிந்தே போனாள்.

சென்டரில் கூட்டம் இருந்தது. நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டார்.

"அவர் யாக்கே வரலை?"

"வேலை சிஸ்டர்."

"அடுத்த தடவை அவரே வரணும், எடை பாக்கணும். இருமல் இதியா? ஜுரம்? தூக்கத்துல வேர்வை? எடை குறைஞ்சிருக்கா?"

சௌம்யாவுக்கு மெஷின் மேல் கிடந்த பேண்ட் நினைவுக்கு வந்தது. ஆமாம் சிஸ்டர், இடுப்பு இறங்கிக்கொண்டே போகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கே அவனை வரச் சொல்வார்கள். லவினாவுக்குத் தெரியவரும். மாதா திருநாள் அன்றே பார்த்தேனே என்பாள். ஒரு வேளைச் சாப்பாட்டில் அவள் கண்டுபிடித்ததை, ஒரே வீட்டில் இருக்கும் பெண்டாட்டி கண்டுகொள்ளவில்லை என்று ஆகும்.

"இல்ல சிஸ்டர்" என்றாள். "எதுவும் இல்ல."

நர்ஸ் மாத்திரை டப்பாக்களை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்த சௌம்யா டப்பாக்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.

தீபாவளி அன்று காலை எண்ணெய்க் குளியல். சண்டை சச்சரவெல்லாம் எப்படி இருந்தாலும் அன்றைக்கு அவன் முதுகில் எண்ணெய் தேய்ப்பது அவள் வேலை. வெந்நீர் போட்டுவிட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்தாள். ரகுராம் குளியலறை வாசலில் மணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான், இடுப்பில் துண்டு மட்டும்.

அவள் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி அவன் தோளில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

தோள்பட்டை எலும்புகள் இரண்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன. முதுகுத்தண்டின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். தையல் மெஷின் தலையை ஒற்றைக் கையில் தூக்கி வைக்கிற புஜம் அது. அதில் இப்போது சதை இல்லை, தோல் தொங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவில் எண்ணெய் கோடு கோடாக வழிந்தது. இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தவளுக்கு இதெல்லாம் ஒரே நொடியில் கண்ணில் பட்டது.

"மெதுவா தேய், எலும்புல படுது" என்றான்.

"என்னங்க இது" என்றாள் அவள். "ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? முதல்ல இளைச்சது பிடிச்சுத்தான் இருந்துச்சு. அப்புறம் சோத்தைப் பாத்தாலே ஒரு மாதிரி ஆயிடுது. ரெண்டு வாய் போட்டா வயிறு உப்பிக்குது. சாயங்காலமானா உடம்பு காயுது." துண்டை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டான். "சொன்னா மறுபடி லவினா பேச்சு வரும். நீ அழுவே. விடுன்னு இருந்துட்டேன்."

அவள் முன்பக்கமாக வந்து அவன் நெற்றியில் கை வைத்தாள். விடிந்து இவ்வளவு நேரமாகியும் லேசாகச் சுட்டது. தலையணை உறை சில நாட்களாக ஈரமாக இருப்பதை அவள் பார்த்துத்தான் இருந்தாள். வெயில் இல்லாததால் துணி சரியாகக் காயவில்லை என்று நினைத்திருந்தாள்.

அவனைக் குளிக்க வைத்துவிட்டு வெளி வராந்தாவுக்கு வந்தாள். சந்தில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி லீவு. டாக்டர் நம்பர் அவளிடம் இல்லை. யாரிடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதும், இந்த நேரத்திலும், அந்தப் பெயரைத் தொட விரல் கூசியது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தொட்டாள்.

"சொல்லுங்க சௌம்யா" என்றாள் லவினா. ஆச்சரியம் குரலில் தெரிந்தது.

"அக்கா, அவரு ரொம்ப இளைச்சுட்டாரு."

லவினா நிதானமாகக் கேட்டாள், ஜுரம், வேர்வை, வயிறு, இருமல், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று ஒவ்வொன்றாக. சௌம்யா எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னாள்.

"நான் டாக்டர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி திறந்தவுடனே உள்ள இருக்கணும். நானும் வரேன்."

வர வேண்டாம் என்று சொல்ல சௌம்யாவுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் பிரிஸில்லா அவனை எடை மெஷினில் ஏற்றினார். ஐம்பத்தெட்டு. ஜூலையில் அவன் அறுபத்தொன்பது.

"பத்துல ஒரு பங்குக்கு மேலேயே போயிருக்கு" என்றார் டாக்டர். நாக்கை நீட்டச் சொல்லி வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார், ஒரு இடத்தில் ரகுராம் முகத்தைச் சுளித்தான். "குறைஞ்சது கொழுப்பு மட்டும் இல்ல, சதையும் கரைஞ்சிருக்கு. மாத்திரை விட்டுப்போச்சா?"

"ஒருநாள்கூட இல்ல டாக்டர்."

"பாத்துடலாம். மாத்திரை வேலை செய்யலைன்னா கிருமி மறுபடி தலைதூக்கி இளைக்க வைக்கும். அது நல்லா அடங்கியிருந்தா, வேற எதுவோ உள்ள இருந்து தின்னுதுன்னு அர்த்தம். சர்க்கரை, தைராய்டு, டிபி, எல்லாத்தையும் தேடணும்." எழுதிக்கொண்டே கேட்டார். "போன மாசம் மாத்திரை வாங்க வந்தப்பவே எடையப் பாத்து நிறுத்தியிருப்பாங்களே? அறிகுறி கேட்டிருப்பாங்களே?"

"அப்ப நான் வரல டாக்டர், இவங்கதான் வந்தாங்க" என்றான் ரகுராம்.

டாக்டர் சௌம்யாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்கே அப்ப சரியாத் தெரியல டாக்டர்" என்றான் ரகுராம். "நான் வீட்ல ஒண்ணும் சொல்லல."

அவன் தன்னைக் காப்பாற்றுகிறான் என்பது சௌம்யாவுக்கு வேதனையாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு அவனை உள்ளே கூட்டிப்போன பிறகு, வெளி பெஞ்சில் சௌம்யாவும் லவினாவும் மட்டும் இருந்தார்கள். லவினா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"அக்கா, போன மாசம் சிஸ்டர் கேட்டாங்க, எடை குறைஞ்சிருக்கான்னு. நான் இல்லைன்னு சொல்லிட்டேன்."

லவினா திரும்பினாள். "ஏன்?"

"நீங்க சொன்னது சரின்னு ஆயிடுமே."

லவினா எழுந்து போனாள். வராந்தா கோடியில் இருந்த குழாயில் முகத்தைக் கழுவினாள். போய்விடுவாள் என்று சௌம்யா நினைத்தாள். ஆனால் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உங்க மேல கோபம் இருக்கு சௌம்யா. இன்னைக்கு அது போகாது. நாளைக்கும் போகுமான்னு தெரியல." சுவரைப் பார்த்தே பேசினாள். "ஆனா பொறாமைன்னா என்னன்னு எனக்கும் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் ஒருத்தி என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சுட்டான்னு ரகு வந்து சொன்னான் பாருங்க, அன்னைக்கு நான் ஸ்கூலுக்குப் போகல. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அவன் மேல ஆசை இருந்து இல்ல. எனக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கலையேன்னு."

தன்னைப் பார்த்து லவினா ஏங்கியிருக்கக்கூடும் என்று சௌம்யா ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"நான் இளைச்சா எடை மெஷின்தான் சொல்லணும்" என்றாள் லவினா. "அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. அதனாலதான் நான் எல்லாரையும் முறைச்சு முறைச்சுப் பாக்கறேன் போல. உங்க வீட்டுக்காரரைக் கொத்திக்கிட்டுப் போகறதுக்காக இல்ல."

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

கிருமியின் அளவு வந்தது, கணக்குக்கே வராத அளவுதான். அவன் ஒருநாளும் தவறவிடாததற்கு அது சாட்சி. ஸ்கேனில் வயிற்றுக்குள் நெறிக்கட்டிகள் வீங்கியிருப்பது தெரிந்தது. ஊசி வைத்து அதிலிருந்து எடுத்துப் பார்த்ததில் டிபி என்று உறுதியானது. நெஞ்சில் இல்லை, வயிற்றில். இருமலே இல்லாமல் இத்தனை நாள் உள்ளே இருந்து அவனைத் தின்றது அதுதான்.

"குணமாகிற வியாதி" என்றார் டாக்டர். "ஆறு மாசம் மருந்து. இடையில நிறுத்தக் கூடாது. இந்த மருந்து சாப்பிடும்போது உங்க பழைய மாத்திரையோட பலம் குறையும், அதனால அதுல ஒரு மருந்தைச் சாயங்காலமும் தனியா ஒரு தடவை சேத்து எடுக்கணும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாப் போகும், பயப்பட வேண்டாம். கண்ணு மஞ்சளானா, வாந்தி நிக்காமப் போனா உடனே வரணும்." பிறகு சௌம்யா பக்கம் திரும்பினார். "மூணு வேளை தட்டு நிறைய வெக்காதீங்க, அவரால முடியாது. ரெண்டு ரெண்டு மணிக்கு ஒரு தடவை கொஞ்சமாக் குடுங்க. முட்டை, கடலை, பருப்பு, தயிர், மீன். கஞ்சியில ஒரு ஸ்பூன் நெய். போன சதை திரும்ப வரணும்னா சாப்பாடு மட்டும் போதாது. ஜுரம் விட்டப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடக்கட்டும், சின்ன கனத்தைத் தூக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை எடை. அதே மெஷின், அதே நேரம்."

முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் போயின. மருந்து வயிற்றைப் புரட்டியது. கஞ்சியைக் குடித்துவிட்டு வாந்தி எடுப்பான். அவள் மறுபடி கஞ்சி வைப்பாள். எடை இன்னும் ஒரு கிலோ இறங்கியது. கடையில் லீவு கேட்டு, அது கிடைக்காத நாளில் துணிகளை வீட்டுக்கு எடுத்து வந்து தைத்தாள். ஒருநாள் அவன் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "விடு, என்னால முடியல" என்றபோது அவளுக்கும் பொறுமை போயிற்று.

"உங்களால முடியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது? எடை குறைஞ்சிருக்கான்னு சிஸ்டர் கேட்டப்பவே நான் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ஆமான்னு நானும் சொல்லல" என்றான் அவன். "எல்லாரும் மாப்பிள்ளைன்னு சொன்னாங்க, இளிச்சுக்கிட்டு நின்னேன். கிருமி அடங்கிடுச்சு, இனி எனக்கு ஒண்ணும் வராதுன்னு தைரியம். லவினா கேட்ட அன்னைக்கே எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். நீ குறுக்க பேசினப்ப அப்பாடான்னு இருந்துச்சு." கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். "குடு. ஆறிப்போச்சு, இருந்தாலும் குடு."

மார்கழி பிறப்பதற்குள் ஜுரம் விட்டது. பசி வந்தது. முதலில் முட்டையைத் தேடினான், பிறகு கருவாட்டுக் குழம்பு கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் லவினா வருவாள், ஜோசஃபின் அம்மா செய்த கடலை உருண்டை டப்பாவோடு. சௌம்யாவோடு அளந்துதான் பேசுவாள். ரகுராமோடு பழையபடி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கேட்கும்போது சௌம்யாவின் நெஞ்சுக்குள் பழைய முள் இன்னும் குத்தத்தான் செய்தது. காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இப்போதெல்லாம் அவளும் ஒரு மோடாவை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். புரியாத பேச்சு வந்தால் "என்னது?" என்று வெளிப்படையாகவே கேட்டாள். அவர்கள் நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் வடிந்து போகும். போகட்டும் என்று இருந்தாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எடை பார்க்கப் போனார்கள். ரகுராம் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினான். முள் நின்ற இடத்தை இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். நர்ஸ் எழுதிக்கொண்டு சிரித்தார். இறங்கினவன் சௌம்யாவை ஒரு பார்வை பார்த்தான், முகம் மலர்ந்திருந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக போனை எடுத்தான்.

"லவினா, ஏறிடுச்சுடி. மொத்தமா மூணு கிலோ."

அவளுக்குத்தான் முதலில். பக்கத்தில் நிற்பவளிடம்கூட இன்னும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சௌம்யாவுக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஒரு பஸ் போனது. அப்புறம் திரும்பி, கையை நீட்டி அவன் காதிலிருந்து போனை வாங்கினாள்.

"அக்கா, சௌம்யா பேசறேன். மூணு இல்ல, ரெண்டே முக்கால்தான். அவர் கூட்டிச் சொல்றாரு. நான் குனிஞ்சு பாத்தேன்."

"அப்ப நீங்க சொன்னா சரி" என்றாள் லவினா. சிரிக்கிறாளா என்று குரலில் தெரியவில்லை.

"உங்க எடை எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள் சௌம்யா. அந்தக் கேள்வி எப்படித் தன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டு மாசமாப் பாக்கலையே."

"அடுத்த வாரம் எங்களோட வாங்க. நான் பாக்கறேன்."

ரகுராம் போனுக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளே பேசிக்கொண்டு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.